இகாமா முடிகிற திகதி தெரியுமா?

(வெளிநாட்டு வேலைக்குப் போகவிருப்போருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்குமாகக் கல்முனையில் நடந்த கூட்டத்தில் பேசப்பட்டது. மலையகத் தோட்டங்களிலிருந்தும் சிலர் வந்து கலந்துகொண்டார்கள். பேசியவர் சவூதியிலும் கட்டாரிலும் கம்பனி அலுவலகங்களில் விசா வேலைகளைப் பார்த்து ஊர் திரும்பியவர். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் வாசகர்களுக்குத் தருகிறோம்.)

மலையகத்திலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கும் அம்மாமாரும் தங்கச்சிமாரும் பயணக் களைப்போடு உட்கார்ந்திருக்கிறீங்க. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வாறன்.

சம்பளம் எவ்வளவு, ஏஜன்சி எது நல்லது, எந்த நாட்டில் சாப்பாடு எப்படி என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறாங்க. நான் பேசப் போறது ஒரே ஒரு காரியத்தைப் பற்றி. அந்த நாட்டிலே தங்கியிருக்க நமக்குக் கிடைக்கிற அனுமதி. அது எப்போது தொடங்குது, எப்போது முடியுது, அதை நீடிக்கிறது யாருடைய பொறுப்பு, நீடிக்காவிட்டால் யார் மாட்டிக்கொள்ளுறது. இத்தனை வருஷத்தில் நான் பார்த்த கண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஒரு காகிதத்தால் வந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பாஸ்போட்டில் ஒட்டித் தருகிற விசா, வாசலைத் திறக்கிற திறப்பு மட்டும்தான். உள்ளே போனபிறகு வீட்டிலே குடியிருக்க வேறு காகிதம் வேணும். சவூதியில் அதற்குப் பேர் இகாமா. வந்து இறங்கிய 90 நாளுக்குள் முதலாளி அதை எடுத்துத் தரவேணும். மற்ற வளைகுடா நாடுகளில் வதிவிட அடையாள அட்டை என்று வரும். பேர் வேறு, வேலை ஒன்று. நம்முடைய பிள்ளைகள் போனில் "விசா கிடைச்சிட்டுது உம்மா, இனிப் பயமில்லை" என்று சொல்லும்போது, இந்த இரண்டாவது காகிதம் கையில் வந்ததா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேளுங்கள். வந்திருந்தால், முன்பக்கமும் பின்பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலே முடிகிற திகதி இருக்கும். அந்தத் திகதியை வீட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வையுங்கள்.

அந்தத் திகதியிலும் ஒரு பொறி இருந்தது. சவூதியில் இகாமாவில் போடுகிற திகதி வெகுகாலம் ஹிஜ்ரித் திகதியாகத்தான் இருந்தது. ஹிஜ்ரி வருஷத்துக்கு 354 நாள், சில வருஷம் 355. நம்முடைய இங்கிலீஷ் வருஷத்தை விட ஏறக்குறைய 11 நாள் குறைவு. மூன்று வருஷத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். "இன்னும் ஒரு மாதம் இருக்குத்தானே" என்று இருந்தவர்கள் அதற்கு முன்பே சட்டவிரோதமானவர்களாகி இருப்பார்கள், தெரியாமலே. இதில் முஸ்லிம், முஸ்லிம் அல்லாதவர் என்ற வித்தியாசம் கிடையாது. நோன்பும் பெருநாளும் எப்ப என்று விரல் நுனியில் வைத்திருக்கும் நம்மட ஆட்களும் இகாமா விஷயத்தில் இங்கிலீஷ் மாதத்தைத்தான் எண்ணினார்கள். அரச அலுவல்களில் காலக் கணக்கை இங்கிலீஷ் திகதிப்படி செய்வதென்று சவூதி அமைச்சரவை 2023இல் முடிவெடுத்தது. ஆனாலும் கையில் இருக்கிற அட்டையில் எந்தத் திகதி என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இனி முக்கியமான கேள்வி. இதை நீடிப்பது யார்? நாம் போய்க் கந்தோரில் வரிசையில் நின்று காசு கட்டி நீடித்துக்கொள்ள முடியாது. முதலாளிதான் செய்யவேணும். அவரை அங்கே கபீல் என்பார்கள். இந்த முறைக்குப் பேர் கபாலா. நீங்கள் அந்த நாட்டில் நிற்கிறது அவருடைய பேரில்.

மலையகத்து ஆட்களுக்கு இது புதிசாக இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் பூட்டன் காலத்துத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. இந்தக் கங்காணிக்கும் இவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன் நிற்குது, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கிற காகிதம். துண்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய ஏலாது. கடன் தலையிலேயும் ஆள் தோட்டத்திலேயுமாகக் கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். அந்தத் துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு, அதே குடும்பங்களின் பேத்திமார் ரியாத்துக்கும் குவைத்துக்கும் போய் இன்னொரு துண்டுக்குள் நிற்கிறார்கள். அங்கே அதற்குப் பேர் என்.ஓ.சி. வேறு இடத்துக்கு மாற முதலாளியின் சம்மதக் கடிதம்.

இந்த இடத்தில் நாட்டுக்கு நாடு சட்டம் மாறுது. ஒன்றில் கேட்டதை இன்னொன்றில் பேசக்கூடாது. கட்டாரில் 2020 செப்டம்பரோடு என்.ஓ.சி. தேவையில்லை என்று சட்டம் வந்தது, வீட்டு வேலை ஆட்களுக்கும் சேர்த்து. முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு மாறலாம். நாட்டை விட்டு வெளியேறும் அனுமதியும் பெரும்பாலோருக்கு 2018இலும், வீட்டு வேலைக்காரருக்கு 2020 ஜனவரியிலும் எடுபட்டது. வீட்டு வேலையில் இருப்பவர் 72 மணித்தியாலத்துக்கு முன் முதலாளிக்குச் சொல்லவேணும், அவ்வளவுதான். சவூதியில் 2021 மார்ச் 14 முதல் கம்பனி ஆட்கள் ஒப்பந்தக் காலம் முடிந்தபின் முதலாளியின் சம்மதம் இல்லாமல் மாறலாம், வெளியேறும் விசாவும் தாங்களே எடுக்கலாம். பேப்பரில் பெரிதாக வந்தது. ஆனால் அந்தச் சீர்திருத்தத்தில் யாரைச் சேர்க்கவில்லை தெரியுமா? வீட்டுப் பணிப்பெண்கள், வீட்டுச் சாரதிகள், தோட்டக்காரர், பண்ணை வேலைக்காரர், ஆடு மேய்ப்பவர். அதாவது நம்முடைய பெண்களில் பெரும்பான்மையானோர் செய்கிற வேலையே வெளியில் விடப்பட்டுவிட்டது. அவர்களுக்கு வேறு விதிகள். மூன்று மாதச் சம்பளம் கொடுக்காதது போன்ற சில காரணங்கள் இருந்தால் மட்டும் முதலாளியின் சம்மதம் இல்லாமல் வேறு இடம் மாறலாம். சம்பளம் வரவில்லை என்பதை நிரூபிக்க வேணும். அதற்குத்தான் சம்பளத்தைக் கையில் வாங்காமல் பேங்கில் போடச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கத்துகிறோம்.

குவைத்தில் 18, 20 என்று இரண்டு இலக்கம் சொல்வார்கள். 18 கம்பனி வேலை, 20 வீட்டு வேலை. ஏஜன்ட் "கடையில் வேலை" என்று சொல்லி 20ஆம் இலக்க விசாவைத் தந்தால், நீங்கள் கடையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் சட்டப்படி தவறான நாள். விசா கையில் வந்தவுடன் முதலில் அந்த இலக்கத்தைப் பாருங்கள். அரபு தெரியாதென்றால் ஊரில் ஒரு மௌலவியிடம் கொடுத்தால் வாசித்துச் சொல்வார். இதற்கெல்லாம் காசு கேட்கமாட்டார். குவைத்தில் இன்னொரு புதிய விஷயம்: 2025 ஜூலை 1 முதல் 18ஆம் இலக்கத்தில் இருப்பவர்கள் நாட்டை விட்டுப் போகும்போது முதலாளியின் வெளியேறும் அனுமதி எடுக்கவேணும். ஒரு நாட்டில் கதவு திறக்க இன்னொரு நாட்டில் கதவு சாத்துறாங்க.

சரி, முதலாளி ஏன் இகாமாவைப் புதுப்பிக்காமல் விடுகிறார்? கெட்ட மனசு மட்டும் காரணமில்லை. கணக்கும் இருக்கு. சவூதியில் உள்நாட்டாரை விட வெளிநாட்டார் கூடுதலாக வேலை செய்யும் கம்பனிக்கு 2020இலிருந்து ஆளுக்கு மாதம் 800 ரியால் வரி. வருஷத்துக்கு 9,600 ரியால். சின்னக் கம்பனிக்காரர் கையில் காசில்லாமல் இகாமாவைக் காலாவதியாக விட்டுவிடுவார். சம்பளமும் பாக்கி இருக்கும். பிறகு "நீயே கட்டு, அப்புறம் பார்ப்போம்" என்று தொழிலாளியிடம் சொல்லுவார். இதைக் கேட்டு, ஊரில் நகையை அடகு வைத்துக் காசு அனுப்பிய குடும்பங்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம். சவூதித் தொழிற் சட்டத்தின் 40ஆம் பிரிவு தெளிவாக இருக்கு: இகாமாக் காசு, வேலை அனுமதிக் காசு, அவை பிந்தியதால் வரும் தண்டம், வேலை முடிந்து ஊருக்கு வரும் டிக்கட், எல்லாம் முதலாளியின் செலவு. உங்களிடம் கேட்டால் கொடுக்காதீங்க என்று சொல்லுறது எனக்குச் சுலபம். அங்கே நிற்கிறவருக்குக் கஷ்டம் என்று தெரியும். குறைந்தபட்சம் கொடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம், ஒரு வட்ஸ்அப் செய்தி, ஏதாவது சாட்சி வைத்துக்கொள்ளுங்கள். தொழில் நீதிமன்றத்தில் அழுகைக்குப் பெறுமதி இல்லை, காகிதத்துக்குத்தான் உண்டு.

அடுத்தது ஹுரூப். அரபில் ஓடிப்போதல் என்று அர்த்தம். வேலை செய்யும் இடத்திலிருந்து சொல்லாமல் போனால் முதலாளி அரசாங்கத்துக்கு அறிவிப்பார். அறிவித்துவிட்டால் இகாமா செல்லாது. பொலிஸ் பிடித்தால் சிறை, நாடு கடத்தல். அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறுகிற பிள்ளைக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தெரிந்தவர் வீட்டுக்கும் போகாதே, "நான் வேலை எடுத்துத் தாறன்" என்று வாசலில் நிற்கிற டக்சிக்காரனோடும் போகாதே. நேரே இலங்கைத் தூதரகத்துக்குப் போ, இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்துக்குப் போ. அங்கே போனவர் முறைப்பாட்டுக்காரர். வேறெங்கே போனாலும் ஓடிப்போனவர். ஒரு இரவு எங்கே தங்கினாள் என்பதிலேயே இரண்டு வருஷ வித்தியாசம் வந்துவிடும்.

இங்கே இருந்து போகிறவர்களுக்கு 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கு. அதில் பதிந்துவிட்டுப் போனவருக்குக் காப்புறுதி உண்டு. ஆபத்தில் தேடிப் பார்க்க ஒரு பதிவும் உண்டு. தொலைபேசி இலக்கம் 1989. பிரதேச செயலகத்தில் இதற்கென்று உத்தியோகத்தரும் இருக்கிறார். பதியாமல் விசிட் விசாவில் போனவரை அந்தப் பதிவில் தேட வழியில்லை.

விசிட் விசா. இதைப் பற்றித்தான் இப்போது கூடுதலாகப் பயப்படவேணும். "முதலில் விசிட்டில் போ, அங்கே போய் வேலை விசாவுக்கு மாற்றலாம்" என்று சொல்லுறாங்க. துபாயில் படித்த சிலருக்கு அப்படி மாறியிருக்கு, பொய் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து போகிற ஒரு தங்கச்சிக்கு அங்கே யார் மாற்றிக் கொடுக்கப் போறாங்க? ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா முடிந்து நின்றால் நாளுக்கு 50 திர்ஹம் தண்டம். மாதத்துக்கு 1,500. ஒரு வருஷம் ஒளிந்திருந்தால் 18,250 திர்ஹம். எந்த வீட்டு வேலைச் சம்பளத்தில் இதைக் கட்டுறது? விசிட் விசாவில் ஆளை வேலைக்கு வைத்த முதலாளிக்கும் 2024 சட்டப்படி ஒரு இலட்சம் திர்ஹத்திலிருந்து பத்து இலட்சம் வரை தண்டம். அதனால் இப்போது முதலாளிமாரே பயப்படுறாங்க. பயப்படாதவர் யார் என்று யோசியுங்கள். சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே விற்கப்பட்ட நம் நாட்டுப் பெண்களின் கதை 2022இல் பேப்பரில் வந்ததே, அது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

"ஃப்ரீ விசா" என்று இன்னொன்று. நம்ம பக்கத்தில் இதற்கு ஒரு மவுசு. ஒரு கபீலிடம் காசு கொடுத்து விசா வாங்கி, போய் இறங்கி, விரும்பிய இடத்தில் வேலை செய்யலாமாம். சட்டத்தில் அப்படி ஒரு விசாவே கிடையாது. கபீல் ஒருவர், வேலை செய்யும் இடம் வேறு. பிடிபட்டால் இரண்டு இடமும் கைவிடும். இகாமா நீடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கபீல் புதிசாக விலை சொல்லுவார். மச்சான்மார், காக்காமார் வழியாக வருகிற விசா என்றாலும் இதுதான் நிலைமை. சொந்தக்காரன் என்று கேட்காமல் விடாதீங்க.

மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. விசா முடிந்துபோய் ஒரு நாட்டில் நிற்பது எப்படி இருக்கும் என்று உங்கள் வீடுகளில் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்த மண்ணிலேயே உங்களை அந்நியராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இங்கே என்று பங்கு போட்டது. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். பிறகு 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்றுபோனது. இந்தியப் பாஸ்போட் எடுத்தவர்கள் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு லயத்திலேயே இருந்தார்கள். அவர்களுடைய வதிவிட விசாவும் முடிந்துபோனது. கையில் ஒரு நாட்டுப் பாஸ்போட், காலடியில் இன்னொரு நாட்டு மண், கொழுந்து பறிப்பது வழமை போல. 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் அந்தக் கணக்கு முடிந்தது. ஆகவே விசா என்றால் கொழும்புக்காரர், படித்தவர் விஷயம் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். இந்த நாட்டில் உங்களை விட இதை அனுபவித்த சனம் இல்லை.

அந்தக் காலத்து வடு இன்னொரு விதத்திலும் நிற்குது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் இல்லாத, பேர் பிழையாக எழுதப்பட்ட குடும்பங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கு. தரகர் வந்து "கவலைப்படாதே, நான் சரிபண்ணித் தாறன்" என்பார். அவர் சரிபண்ணுவது எப்படி என்று மூதூர் ரிசானா நபீக்கின் கதையில் பார்த்தோம். பிறந்தது 1988இல். பாஸ்போட்டில் 1982. 2005இல் சவூதிக்குப் போனபோது 17 வயது. கைக்குழந்தை ஒன்று இறந்த வழக்கில், அவள் சிறுமி என்று சொல்லிப் பார்த்தபோது அவளுடைய சொந்தப் பாஸ்போட்டே எதிர்ச்சாட்சியாக நின்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேறியது. அந்தப் பிள்ளையின் வயதைக் கூட்டி எழுதியவனுக்கு அது ஒரு நாள் வேலை. பாஸ்போட்டில் ஒரு எழுத்துப் பிழையென்றாலும் போகுமுன் திருத்துங்கள். போனபின் எதையும் திருத்த ஏலாது.

பாஸ்போட் பற்றியும் ஒன்று. அது முடியப் போகிற நிலையில் இருந்தால் இகாமா, விசா எதையும் நீடிக்கமாட்டாங்க. ஆறு மாதத்துக்கு முன்பே தூதரகத்தில் புதுப்பிக்கக் கொடுக்க வேணும். 2024இல் இங்கே பாஸ்போட் புத்தகம் தட்டுப்பாடாகி, பத்தரமுல்லையில் இரவு பகலாக வரிசை நின்றதை மறந்திருக்கமாட்டீங்க. எல்லாக் காகிதத்துக்கும் இரண்டு கொப்பி எடுத்து, இரண்டு வீட்டில் வையுங்கள். நம்ம கரையில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது வீட்டோடு பெட்டியும் போனதே. இப்போது போனிலும் படம் எடுத்து வைக்கலாம்.

நீங்கள் துண்டில் எழுதித் தந்த கேள்விகளில் இரண்டுக்குப் பதில் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு அம்மா எழுதியிருக்கிறாங்க: மகளுடைய விசா முடிந்து இரண்டு வருஷம், வெளியில் ஒளித்து வேலை செய்கிறாள், பொதுமன்னிப்பு வந்தால் வெளியில் வரலாமா, பிடித்து உள்ளே போடமாட்டார்களா என்று. அம்மா, வரலாம். வரவேணும். பொதுமன்னிப்பு அடிக்கடி வருவதில்லை. சவூதியில் 2013இலும் 2017இலும் வந்தது. குவைத்தில் 2018, 2020, 2024. அமீரகத்தில் 2018இலும், 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரையும். அந்த நாட்களில் தண்டம் கட்டாமல் வெளியேறலாம். பெரும்பாலும் திரும்பிப் போகத் தடையும் போடுவதில்லை. ஆனால் களவு, கடன், அடிதடி என்று வேறு வழக்கு இருந்தால் மன்னிப்பு அதைத் தொடாது. ஹுரூப் போட்டிருந்தால் அந்த முறை அதற்கும் பொருந்துமா என்று முதலில் தூதரகத்தில் கேட்க வேணும். பாஸ்போட் கபீலிடம் இருந்தாலும் தூதரகம் தற்காலிகப் பயணப் பத்திரம் கொடுக்கும். அதற்கு அவள் இலங்கைப் பிரஜை என்று காட்ட ஏதாவது வேணும்: அடையாள அட்டை இலக்கம், பழைய பாஸ்போட் கொப்பி, பிறப்புச் சாட்சிப் பத்திரம். அதை அனுப்ப வேண்டியது நீங்கள். கடைசி நாள் வரை காத்திருந்தால் வரிசையில் நின்றே நாள் முடிந்துவிடும். முதல் கிழமையே போகச் சொல்லுங்கள். மன்னிப்பு இல்லாத காலம் என்றால் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவு மூலம்தான் போக வேணும், தரகர் மூலம் அல்ல.

இரண்டாவது, மருதமுனையிலிருந்து ஒரு தம்பி. மனைவியைக் கூட்டிப் போய் ஜித்தாவில் இருந்தாராம், அங்கே மகன் பிறந்தான், 2017இலிருந்து குடும்பத்துக்கு ஆளுக்கு மாதக் காசு என்று கூட்டிக்கூட்டி 2020இல் 400 ரியாலாக்கியதும் தாங்காமல் அவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார். பிள்ளையைத் தூதரகத்தில் பதியவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் சிக்கல். தம்பி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தானாக இலங்கைப் பிரஜையாகிறதில்லை. ஒரு வருஷத்துக்குள் தூதரகத்திலோ கொழும்பிலோ பிறப்பைப் பதியவேணும். பிந்தினாலும் வழி இருக்கு, தகுந்த காரணம் காட்டிக் குடிவரவுத் திணைக்களத்தில் விண்ணப்பிக்கலாம். சவூதிப் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் உங்கள் கலியாணப் பதிவும் மொழிபெயர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் மகன் சொந்த ஊரில் விசா வேண்டிய வெளிநாட்டுக்காரன்தான்; பிள்ளைக்கு அது தெரியாமல் முடிப்பது நல்லது.

காகிதங்கள் கொண்டு வந்தவர்கள் அந்த மூலை மேசைக்கு வாருங்கள். அஸர் வரை நான் அங்கே இருப்பேன். மலையகத்துக்காரர் முதலில் வரட்டும், அவர்களுக்குப் பஸ் பிடிக்க வேணும்.